தடுப்பூசிப் பெட்டியோடு மலாவியில்: வாசகர் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பி.பார்ம். முடித்து, பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பும் படித்து, இப்போது மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் ஒரு தொண்டு நிறுவனத்தின் தடுப்பூசி விநியோகப் பிரிவில் வேலை பார்க்கும் இளம் மருந்தாளுநர், வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

நீங்கள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அப்புறம் ஆப்பிரிக்காவில் என்னதான் வேலை?
(வாசகர், விருதுநகர்)

எங்க ஆச்சியும் இதையேதான் கேட்கிறாள். ஊசி போடுவது என் வேலை இல்லை. போட வேண்டிய மருந்து கெடாமல் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

காலையில் ஒரு சுகாதார நிலையத்துக்குப் போனால் மேசை மேல் ஐஸ் பேக்குகள் வியர்த்துக்கொண்டு கிடக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பெட்டிக்குள் அடுக்கிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டுவோம். உள்ளே தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டால்தான் அது பெட்டிக்குள் போகும். தடுப்பூசிக்குச் சூடுதான் எதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட் மாதிரியான மருந்து உறைந்துபோனாலும் அதோடு தீர்ந்தது. 2 முதல் 8 டிகிரி, அதற்கு மேலும் ஆகாது, கீழும் ஆகாது. சூட்டைக் காட்டிக்கொடுக்கக் குப்பியின் மேலேயே ஓர் அடையாளம் இருக்கும்: வட்டத்துக்குள் சின்னச் சதுரம். சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உறைந்ததை மட்டும் அது காட்டாது. அதனால்தான் இந்தக் காதுப் பரிசோதனை.

பெட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போகிறவர் அரசாங்கத்தின் ஹெல்த் சர்வைலன்ஸ் அசிஸ்டென்ட். நம் ஊர் கிராம சுகாதார செவிலியரின் வேலையில் பெரும் பகுதியை இங்கே செய்பவர்கள் இவர்கள்தான், அதில் நிறையப் பேர் ஆண்கள். 1,000 பேருக்கு ஒருவர் என்று கணக்கு. கணக்கு காகிதத்தில் இருக்கிறது. மாமரத்தடியிலோ சர்ச்சிலோ அம்மாக்கள் காத்திருப்பார்கள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை, கையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஹெல்த் பாஸ்போர்ட். சிகிச்சை, தடுப்பூசி விவரமெல்லாம் எழுதும் அந்தச் சின்ன நோட்டு நோயாளியிடமே இருக்கும். மழையில் நனையாமல் அவர்கள் அதைக் காப்பாற்றும் அக்கறையோடு நான் என் டிகிரி சர்டிபிகேட்டைக்கூட வைத்துக்கொண்டதில்லை.

உலகின் முதல் மலேரியா தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசிகளோடு சேர்த்துப் போட ஆரம்பித்தது இந்த நாட்டில்தான், 2019 ஏப்ரலில். கானாவும் கென்யாவும் அதன்பின் வந்தன. நாலு டோஸ். முதல் மூன்றும் ஒரு வயதுக்குள் முடிந்துவிடும். நாலாவதோ குழந்தைக்கு இரண்டு வயது நெருங்கும்போது. அதற்குள் அம்மா வயலுக்குத் திரும்பியிருப்பாள், குழந்தை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும், யாருக்கு ஞாபகம் இருக்கும்? என் தலைவலியில் பாதி அந்த நாலாவது டோஸ்தான்.

என் மகளுக்கு மலாவியில் வேலை கிடைத்திருக்கிறது. தனியாக அனுப்பப் பயமாக இருக்கிறது. உன்னையும் மகளாக நினைத்துக் கேட்கிறேன், அங்கே பெண்பிள்ளைக்குப் பாதுகாப்பு எப்படி?
(வாசகி, கோவில்பட்டி)

அம்மா, நீங்கள் சிங்கத்தையும் திருடனையும் நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது இருட்டின பிறகு ரோட்டுக்கு. நாட்டின் வடக்கிலிருந்து தெற்கு வரை போகும் எம்1 நெடுஞ்சாலையில் ஊர் தாண்டினால் விளக்கு கிடையாது. விளக்கில்லாத சைக்கிள், பிரேக் டவுன் ஆகி நடுரோட்டில் நிற்கும் லாரி. அந்த லாரிக்கு எச்சரிக்கைப் பலகை என்பது, பின்னால் ரோட்டில் வெட்டிப்போட்ட நாலு மரக்கிளை. இருட்டில் அது தெரிவதற்குள் கிட்டே போயிருப்போம். எங்கள் அலுவலகத்தில் ஆறு மணிக்கு மேல் ஊருக்கு வெளியே வண்டி எடுக்கக் கூடாது என்று விதி. மகள் சேரும் இடத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று சொன்னால் அந்த இடத்தைப் பற்றி யோசியுங்கள்.

மற்றபடி தனியாக வீடு எடுத்து இருக்கலாம், வாசலில் காவலர் இருப்பார். கரண்ட் போகும். 2022 ஜனவரியில் அனா புயல் கபிச்சிரா நீர்மின் நிலையத்தை உடைத்துப்போட்டது. அதன் பிறகு மாதக்கணக்கில் நாங்கள் சமைத்ததெல்லாம் கேஸில்தான். இன்வெர்ட்டர் உள்ள வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள். விலாசம் கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் திண்டாடுவாள்: லிலோங்வேயில் ஏரியா 1, ஏரியா 2 என்று எண்தான், அந்த எண்கள் வரிசையாகவும் இருக்காது.

அக்கா, இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஆப்பிரிக்கா வந்து ஏழைகளுக்குச் சேவை செய்யணும்னு ஆசை. இரண்டு வாரம் வந்தால் உங்களோடு சேர்த்துக்கொள்வீர்களா?
(வாசகர், ஈரோடு)

மாட்டேன், தம்பி. கோபம் வேண்டாம். இரண்டு வாரம் வருகிறவரை ஏர்போர்ட்டில் கூப்பிட, தங்க வைக்க, மலேரியா மாத்திரை போட்டாரா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு வேறு வேலை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும், ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் காத்திருக்காமல், உடனே வாழ்நாள் சிகிச்சை தொடங்குவது என்று 2011-இல் முடிவெடுத்து நடத்திக் காட்டியது மலாவி. எண்ணிக்கை பார்க்கும் மெஷினும் ஆட்களும் போதாத நாடு, அதனால் அது இல்லாமலே நடக்கிற வழியைத் தேடியது. உலக சுகாதார நிறுவனம் பிறகுதான் அந்த வழிக்கு வந்தது. இப்படிப்பட்ட ஊருக்குக் கற்றுக்கொடுக்கும் எண்ணத்தோடு வந்தால் கஷ்டம். சோலார் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கத் தெரியுமா? டேட்டாபேஸ் தெரியுமா? இரண்டு வருஷம் ஊரிலேயே வேலை பார்த்துக் கை பழகிய பிறகு ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். அப்போது வாருங்கள், ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன்.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்?
(வாசகி, தஞ்சாவூர்)

இங்கே மதியமும் இரவும் ந்சீமா, வெள்ளை மக்காச்சோள மாவைக் கிளறிய களி. நம் கேப்பைக் களி சாப்பிட்ட கைக்கு அது பழகிவிடும். தொட்டுக்கொள்ள உசிப்பா என்று ஏரி மீன், நெத்திலிக்குத் தங்கச்சி. நான் அதைப் புளி ஊற்றிக் குழம்பு வைப்பேன், அலுவலகத்தில் டப்பாவைத் திறந்தால் எனக்கு மிஞ்சாது. பழைய டவுனில் குஜராத்திகள் கடையில் மசாலா எல்லாம் கிடைக்கும். துவரம்பருப்பு இங்கேயே விளைகிறது. வருஷத்துக்கு 50,000 டன் வரை மலாவியிலிருந்து வாங்க இந்திய அரசு 2021-இல் ஒப்பந்தம் போட்டது. உங்கள் வீட்டுச் சாம்பாரில் இந்த ஊர்ப் பருப்பும் கலந்திருக்கலாம்.

மலாவி ஏரி படங்களில் கடல் மாதிரி அழகாக இருக்கிறதே! குளிக்கலாமா?
(வாசகர், கடலூர்)

நான் குளிக்கிறேன். ஆனால் தண்ணீரில் பில்ஹார்சியா இருக்கிறது. நத்தையிலிருந்து வெளிவரும் புழு, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வலிகூடத் தெரியாது. நாணல் முளைத்த, தண்ணீர் தேங்கிய கரையோரம் ரொம்ப மோசம். சில வாரம் கழித்துப் பரிசோதனை செய்து பிராசிகுவான்டெல் மாத்திரை போட்டால் சரியாகும். குளித்த மறுநாளே போட்டால் பிரயோஜனமில்லை, குஞ்சுப் புழுவிடம் அந்த மருந்து பலிக்காது. டூரிஸ்ட்டுக்கு இது ஒரு மாத்திரை விஷயம். ஏரியிலேயே துவைத்து, பாத்திரம் கழுவி, மீன் பிடிக்கிறவர்களுக்கு மாத்திரை போட்ட மறுவாரமே மறுபடி தொற்றும்.

டாலரில் சம்பளமா? நிரந்தர வேலையா?
(வாசகர், சேலம்)

அண்ணா, டாலர்தான். நிரந்தரம் இல்லை. இதைச் சொல்லக் கூச்சமாகவே இருக்கிறது: 2023 நவம்பரில் இந்த ஊர்ப் பணமான குவாச்சாவின் மதிப்பை ஒரே நாளில் குறைத்தார்கள், டாலரின் விலை 44 சதவீதம் ஏறியது. என் சம்பளம் அசையவில்லை. பக்கத்து மேசையில் அதே வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறவருக்கு, வாங்குகிற அரிசி குறைந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு ஒரே மின்னஞ்சலில் வேலை போனது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் திரும்ப டிக்கெட் கிடைத்தது. இவர்களுக்கு இதுதான் ஊர். இரண்டு சம்பள அளவு என்கிற இந்த ஏற்பாடு நியாயம் என்று இதுவரை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லிவிடவில்லை.

கல்யாணம் எப்போது?
(பெயர் வேண்டாம், திருநெல்வேலி)

சித்தி, கையெழுத்து தெரிகிறது.

அடுத்த மாதம் அடிஸ் அபாபா வழியாக லிலோங்வே வருகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா?
(வாசகி, சென்னை)

போட்டுக்கொள்ளுங்கள். மலாவியைவிட நம் ஊர் அதிகாரிகள்தான் இதில் கறார். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் அந்த வழியாகத் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்த இந்தியச் சட்டத்தில் இடமிருக்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள். முட்டை அலர்ஜி இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். 2016 முதல் ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், பழைய அட்டையில் 10 வருஷம் என்று அச்சிட்டிருந்தாலும் சரி.