பர்லாரேயும் பறைதலும்

அன்புள்ள சார்,

மகள் மிலானில் படிக்கிறாள். ஞாயிறுதோறும் ஃபோனில் எனக்கு இத்தாலியன் பாடம். பேசுவதற்கு ‘பர்லாரே’ என்றாள். நாங்கள் நாகர்கோவில்காரர்கள். என் ஆச்சி ‘சொன்னான்’ என்று சொல்லமாட்டாள், ‘பறஞ்சான்’ என்பாள். பர்லாரே, பறை இரண்டுக்கும் ஒரே வேர்தானே? மகள் சிரிக்கிறாள்.

ந.

அன்புள்ள ந.,

தீர்ப்பு மகள் பக்கம். ஆனாலும் உங்கள் காது நல்ல காது. யாழ்ப்பாணத்திலும் ‘பறையாதை’ என்றால் பேசாதே என்றுதான் பொருள். மலையாளத்தைக் கேட்கவே வேண்டாம்.

சிக்கல் என்னவென்றால், பர்லாரே தேய்ந்துபோன சொல். பிற்கால லத்தீனில் அது ‘பரபொலாரே’. அதற்குத் தாய் ‘பரபொலா’, பாட்டி கிரேக்கத்து ‘பரபொலே’. ‘பரா’ என்றால் பக்கத்தில், மிச்சம் எறிதல். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றைப் போட்டுக் காட்டுவது, அதாவது உவமை. (பிளஸ் டூ கணக்கில் நம்மைப் பாடாய்ப்படுத்திய பரபோலாவும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.)

விதைக்கிறவன், நல்ல சமாரியன் என்று இயேசு சொன்ன கதைகளுக்கு லத்தீன் பைபிளில் பரபொலா என்று பெயர். கோயிலில் கேட்டுக் கேட்டு, உவமை என்ற சொல்லே ‘சொல்’ ஆகிவிட்டது: இத்தாலியில் ‘பரோலா’. உவமை சொல்வது பேசுவதாகிவிட்டது. சொல்லுக்கு லத்தீனில் ஏற்கெனவே ‘வெர்பும்’ இருந்ததே? யோவான் சுவிசேஷத்தில் அது கடவுளையே குறித்ததால் அன்றாடம் புழங்கக் கூசினார்கள் என்பார்கள். எனக்கு இது கொஞ்சம் அழகு கூடிப்போன விளக்கமாகப் படுகிறது. பேசுவதற்கு இருந்த ‘லோக்வி’ கதை வேறு. உருவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினை. அந்த வினை வகையே பேச்சுமொழியில் நிலைக்கவில்லை.

ஸ்பானியர்கள் பேசுவதற்கு ‘ஃபாபுலா’ என்ற கதையிலிருந்து ‘ஆப்லார்’ எடுத்துக்கொண்டார்கள். சொல்லுக்கு மட்டும் அதே பரபொலா, அதுவும் ர-வும் ல-வும் இடம் மாறி ‘பலாப்ரா’. மதுரையை மருதை என்கிறோமே, அதேதான்.

ஆச்சிக்கு உறவில்லை என்று வருந்தவேண்டாம். இதன் பிரெஞ்சுச் சொந்தங்கள் இங்கிலீஷ் வழியாக நம் வீட்டுக்கே வந்துவிட்டன. ஒன்று பார்லிமென்ட், பேசுமிடம். இன்னொன்று, திரும்பி வந்துவிடுகிறேன் என்று கைதி கொடுக்கும் வாக்கு. நாளிதழைப் பிரித்துப் பாருங்கள், யாராவது ஒருவர் பரோலில் வந்திருப்பார்.