வீட்டுக்கு 2,63,976 ரூபாய் கடனா? கஜானாவை யாரை நம்பிக் கொடுப்பது?

கேள்வி: என் மாமனார் அ.தி.மு.க., கணவர் தி.மு.க. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் தமிழ்நாட்டுக் கடனை வைத்துத் தினமும் சண்டை. 'உங்க ஆளுங்கதான் கடனை ஏத்தினாங்க' என்று இருவருமே செல்போனில் படம் காட்டுகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் என்றார்களே, அதை நாங்கள் கட்ட வேண்டி வருமா? அரசுப் பணத்தை எந்தக் கட்சியை நம்பிக் கொடுக்கலாம்?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. அந்தப் பணத்தைக் கேட்டு யாரும் உங்கள் வாசலுக்கு வர மாட்டார்கள். 2021 ஆகஸ்ட்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், அதாவது கஜானாவின் நிலையை விளக்கி அரசு வைக்கும் அறிக்கையில், வந்த எண் அது. மொத்தக் கடனைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சொன்னார்கள். ஆனால் வேறு வழியில் நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் வட்டிக்கு மட்டும் சுமார் 70 ஆயிரம் கோடி. நாளொன்றுக்கு 190 கோடிக்கு மேல். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருக்க வேண்டிய பணம்.

சரி, எந்தக் கட்சி? அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்தே முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். கட்சிப் பெயரை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 2001இல் அ.தி.மு.க. அமைச்சர் பொன்னையன் வெள்ளை அறிக்கை வைத்தார், அது முந்தைய தி.மு.க. ஆட்சியைப் பற்றியது. 2021இல் தி.மு.க. வைத்தது அ.தி.மு.க. ஆட்சியைப் பற்றியது. தன் ஆட்சி முடிகிற நேரத்தில் தன்னைப் பற்றி எழுதி வைத்தவர் யாரும் இல்லை. பற்றாக்குறைக்கு வரம்பு கட்டும் நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் ஜெயலலிதா ஆட்சியில் 2003இல் வந்தது. அதற்குப் பின் இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் வருவாய்க் கணக்கில் உபரி இருந்த வருடங்கள் உண்டு. 2013-14 தொடங்கி 2023-24 வரை முடிந்த கணக்குகளில், ஒரு வருடம் விடாமல் வருவாய்ப் பற்றாக்குறை. இதுவும் இரண்டு ஆட்சியிலும்தான்.

நீங்கள் பார்க்க வேண்டிய எண் இந்த வருவாய்ப் பற்றாக்குறை. கடன் வாங்கிக் கோழிப்பண்ணைக்குக் கொட்டகை போடுவது வேறு, கடன் வாங்கி வீட்டு மளிகை வாங்குவது வேறு. இரண்டாவதுதான் வருவாய்ப் பற்றாக்குறை.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பட்ஜெட் அன்று அமைச்சர் படிப்பது மதிப்பீடு. 2019-20க்கு அ.தி.மு.க. அரசு சொன்ன பற்றாக்குறை 14,315 கோடி. ஒரு வருடம் கழித்துத் திருத்திய மதிப்பீட்டில் 25,072 கோடி என்றார்கள். கணக்கு முடிந்தபோது 35,909 கோடி! 2023-24க்கு தி.மு.க. அரசு சொன்னது 37,540 கோடி, முடிந்தது 45,121 கோடியில். செய்தித்தாள் முதல் எண்ணைக் கொட்டை எழுத்தில் போடும், கடைசி எண் வரும்போது அது பழைய செய்தியாகியிருக்கும். பட்ஜெட் ஆவணத்தின் அட்டவணையில் 'கணக்குகள்' என்று தலைப்பிட்ட நெடுவரிசை இருக்கும். அதை மட்டும் நம்புங்கள்.

மொத்தக் கடனை மட்டும் பெரிதாகப் போட்ட படத்தை நம்பவே நம்பாதீர்கள். பத்து வருடத்தில் சம்பளமும் விலைவாசியும் ஏறுவது போலத்தான் அந்த எண்ணும். மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் கடன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 2026 மார்ச் முடிவுக்கு பட்ஜெட்டில் போட்ட கணக்கு 26 சதவீதம்.

ஒரே ஒரு விதிவிலக்கை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், உங்கள் வீட்டுச் சண்டையில் இது கட்டாயம் வரும். 2017 ஜனவரியில் தமிழ்நாடு, மின்வாரியங்களின் கடனைச் சீர்செய்ய மத்திய அரசு கொண்டுவந்த 'உதய்' திட்டத்தில் சேர்ந்தது. மின்வாரியத்தின் கடனில் 22,815 கோடியை அரசு தன் தலையில் ஏற்றிக்கொண்டது. அதனால் 2016-17இல் நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி ஈடுகட்டும் மொத்தத் துண்டு, மாநில உற்பத்தியில் 3 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டியது. அந்த வருடத்தை மட்டும் வெட்டி எடுத்து 'பார், ஊதாரித்தனம்' என்பார்கள். மகன் ஃபைனான்ஸில் வாங்கிய கடனை அப்பா தன் பெயருக்கு மாற்றி எழுதினால், அந்தக் குடும்பம் புதிதாகக் கடன் வாங்கியதாகுமா? அந்தக் கடன் முன்பே இருந்தது, அரசுக் கணக்கில் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அப்பா அடைத்த பிறகும் மகன் பழையபடியே நடந்தால்? அதுதான் நடந்தது. மின்வாரிய இழப்புக்காக 2023-24இல் மட்டும் அரசு 17,117 கோடி ஏற்க வேண்டி வந்தது. ஆகவே 2016-17 எண்ணைக் காட்டி ஒரு கட்சியைத் திட்டுவது தப்பு, மின்வாரியத்தை மறந்துவிட்டு இன்னொரு கட்சியைப் புகழ்வதும் தப்பு.

அப்புறம் இடைத்தரகர்கள். தேர்தல் வருடத்தில் கூட்டுறவு சங்க வாசலில் நிற்பார்கள். 'நகையை இப்பவே வைங்கக்கா, ஜெயிச்சதும் தள்ளுபடி, எனக்கு ஏதோ பார்த்துக் கொடுங்க.' எங்கள் தெருவில் ஒரு அம்மா அப்படி மகளின் வளையலை வைத்தார். 2021இல் நகைக்கடன் தள்ளுபடி வந்தது உண்மை. ஆனால் 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களைப் பரிசீலித்து, 35 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றுக்குத் தகுதி இல்லை என்றார்கள். அந்த அம்மாவும் அதில் ஒருவர். வட்டியோடு கட்டித்தான் வளையலை மீட்டார். தரகர் வாங்கியது திரும்பவில்லை. நகையை வைத்துக் கட்சியை நம்பாதீர்கள்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளரான சிஏஜியின் அறிக்கையை ஆளுநருக்கு அனுப்ப வேண்டும், அவர் பேரவையில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 151ஆவது பிரிவு. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை! மாதக்கணக்கில் உட்கார்ந்து நாங்கள் சரிபார்த்த கணக்கு, பல முறை கூட்டத்தொடரின் கடைசி நாளில்தான் மேசைக்கு வந்தது. அதை யார் படிப்பது, எப்போது விவாதிப்பது?

அந்த அறிக்கைகள் சிஏஜி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'மாநில நிதிநிலை' அறிக்கையை எடுங்கள். வருவாய்ப் பற்றாக்குறையை ஐந்து வருடத்துக்கு வரிசையாகப் போட்ட அட்டவணை இருக்கும். அதை அச்செடுத்து, ஆட்சி மாறிய வருடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இருவரிடமும் கொடுங்கள்.