வீரவநல்லூர் தம்பிக்கு: இங்கிலாந்தில் ஓட்டு, பள்ளிக்கூடம், நம்ம வழக்கம்

தம்பி,

நீங்கள் இங்கிலாந்தின் ரெடிங் நகரத்துக்குக் குடும்பத்தோடு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் சின்னவன். பள்ளியில் என்னென்ன சொல்லிக்கொடுப்பார்களோ என்று பயமாக இருக்கிறது, நம்மைப் போலப் பழைய ஒழுங்கை மதிக்கிறவர்கள் இங்கே எந்தக் கட்சிப் பக்கம் நிற்பது, நமக்கு ஓட்டு உண்டா, இல்லை பேசாமல் வீரவநல்லூருக்கே திரும்பிவிடலாமா அண்ணாச்சி என்று கேட்டிருந்தீர்கள். ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். சேரன்மகாதேவி வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

ஓட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்களுக்கு ஓட்டு உண்டு. இந்தியா காமன்வெல்த் நாடு. அந்த நாடுகளின் குடிமக்கள் முறையான விசாவோடு இங்கிலாந்தில் குடியிருந்தால் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கவுன்சிலில் இருந்து வரும் வாக்காளர் பதிவுக் கடிதத்தை விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 2023 முதல் வாக்குச்சாவடிக்குப் படம் போட்ட அடையாளச் சான்று கொண்டுபோக வேண்டும். உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருக்கிற நம்ம ஊர்ப் பையன்களுக்கு இந்த உரிமை கிடையாது.

யாருக்குப் போடுவது என்பது உங்கள் மனசாட்சி. நான் பழமைவாதிதான், அதை மறைக்கவில்லை. பெரியவர்கள் சொல்லுக்கு மதிப்பு, கட்டின பெண்டாட்டியோடு கடைசிவரை, குலசாமிக்குப் பொங்கல், பெற்றவர்களைக் கடைசிக் காலத்தில் பார்ப்பது, இதிலெல்லாம் எனக்கு எந்த ஊசலாட்டமும் இல்லை. பர்மிங்ஹாமில் இத்தனை வருஷம் இருந்தும் இந்தப் பிடிப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆனாலும் பழமைவாதி என்று பொருள்படும் 'கன்சர்வேடிவ்' என்ற பெயர் இருப்பதாலேயே அது நம்ம கட்சி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கட்சிக்குள் இரண்டு மனம் உண்டு. குடும்பம், கோயில், ஊர் என்று இருப்பதைக் காப்பாற்ற நினைக்கிற மனம் ஒன்று. வியாபாரத்துக்கு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது என்கிற மனம் இன்னொன்று.

அந்தக் கட்சிப் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1986-ல் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாக் கடைகளையும் திறக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அவருக்கு அப்போது பெரிய பெரும்பான்மை. அப்படி இருந்தும் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 72 பேர் எதிர்த்து வாக்களிக்க, மசோதா தோற்றது. ஞாயிறு என்பது தேவாலயத்துக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் உரிய நாள், அதைக் கல்லாப்பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. பிறகு 1994-ல் சட்டம் தளர்ந்தது. பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம் மட்டும் திறக்கலாம் என்று வைத்தார்கள். 2016-ல் டேவிட் கேமரூன் அரசு அதையும் தளர்த்தப் பார்த்துத் தோற்றது. ஞாயிறு சாயங்காலம் நீங்கள் சாமான் வாங்கப் போய் பெரிய கடை பூட்டியிருப்பதைப் பார்த்து எரிச்சல்பட்டிருப்பீர்கள். எனக்கு அந்தப் பூட்டு ரொம்பப் பிடிக்கும். எல்லாருக்கும் ஒரே நாளில் ஓய்வு என்றால்தான் ஒரு குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியும்.

திருமண விஷயத்திலும் இதே இரட்டை மனம்தான். ஒரே பாலினத்தவர் திருமணம் 2013-ல் சட்டமானது கேமரூன் ஆட்சியில். கன்சர்வேடிவ் என்பதால்தான் இதை ஆதரிக்கிறேன் என்று அவர் சொன்னார்; வாக்கெடுப்பில் அவருடைய எம்.பி.க்களில் ஆதரித்தவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம். என் மனசில் திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான். அதே சமயம் அப்படி வாழ்கிறவர்களோடு வேலை பார்க்கிறேன், அவர்களை ஒரு சொல் இழிவாகப் பேச மாட்டேன், பேசுகிறவர்களையும் என் வீட்டில் விட மாட்டேன். இதைவிட என்னை உறுத்துவது வேறு. 2022 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் காரணம் எதுவும் சொல்லாமலே விவாகரத்து கேட்கலாம். அதுவும் கன்சர்வேடிவ் அரசு போட்ட சட்டம்தான். அடி உதையில் இருந்து ஒரு பெண் வெளியேற வழி வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கை முறிக்கிறவர் ஒரு காரணமாவது சொல்ல வேண்டாமா?

அப்புறம் விசா. இதில்தான் எனக்கு அவர்கள் மேல் பெரிய மனக்குறை. 2012 ஜூலையில் கன்சர்வேடிவ் தலைமையிலான அரசு வயதான பெற்றோரை அழைத்துவரும் வழியை ஏறக்குறைய மூடிவிட்டது. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைக்கே துணை வேண்டும், அந்தத் துணை பணம் கொடுத்தாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபித்தால்தான் விசா. அதுவும் பிள்ளை அங்கே நிரந்தரமாகக் குடியேறியவராக இருக்க வேண்டும். உங்களைப் போல வேலை விசாவில் இருப்பவர்களுக்கு அந்த வழியே இல்லை. ரிஷி சுனக் 2022 அக்டோபரில் பிரதமரானபோது நம்மவர்கள் இனிப்பு கொடுத்துக் கொண்டாடினார்கள். கீதையின் மேல் கைவைத்து எம்.பி. உறுதிமொழி எடுத்தவர், எனக்கும் பெருமைதான். அவர் ஆட்சியில்தான் 2024 மார்ச் முதல், பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மனைவி மக்களை அழைத்துவர முடியாது என்று விதி வந்தது. அந்த நாட்டு முதியவர்களைக் குளிப்பாட்டி உடுத்திவிட வந்த பெண், தன் குழந்தையைத் தாய் நாட்டில் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. குடும்பம், குடும்பம் என்று மேடையில் பேசுகிறவர்கள் செய்கிற காரியமா இது? எதிர்த்தரப்பான லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தும் பெரிய மாற்றம் இல்லை. நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்கான 5 ஆண்டை 10 ஆக்கப்போவதாக 2025 மே மாத வெள்ளை அறிக்கையிலேயே சொன்னார்கள். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சரி, கட்சிகளை விடுவோம். இந்தப் பழமைவாதக் கொள்கைக்கு மூல புருஷராக அங்கே கொண்டாடப்படும் எட்மண்ட் பர்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். 18-ம் நூற்றாண்டுக்காரர், அயர்லாந்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790-ல் எழுதியபோது, சமுதாயம் என்பது உயிரோடு இருப்பவர்கள், இறந்தவர்கள், இனிப் பிறக்கப்போகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான கூட்டு என்றார். அதற்கு முன்பே 1785 பிப்ரவரியில், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் நெடுநேரம் பேசினார். அந்தக் காலத்தில் நம்ம திருநெல்வேலிச் சீமையும் நவாபின் பிடியில்தான். நவாபுக்குக் கடன் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் வட்டியெல்லாம் கடைசியில் குடியானவன் தலையில் விழுந்தது. அந்தப் பேச்சில் பர்க் நம்ம பக்கத்து ஏரி குளங்களைப் புகழ்கிறார். குடிகளுக்குத் தகப்பனாக இருந்து, வரப்போகும் தலைமுறையையும் தன் பிள்ளைகளாக எண்ணிய உண்மையான அரசர்கள் விட்டுப்போன நினைவுச் சின்னங்கள் அவை என்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நீங்களும் நானும் கன்னடியன் கால்வாய்க்காரர்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. கட்டியது அரசர்கள் என்றாலும் காப்பாற்றியது குடிமராமத்து. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய் வாய்க்காலைத் தூர்வார வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும். நான் பண்பாடு என்று நினைப்பது அந்த மாதிரி வேலையைத்தான். ஒருநாள் போகாவிட்டால் ஒன்றும் தெரியாது. பத்து வருஷம் யாரும் போகவில்லை என்றால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. உங்கள் கடிதத்தில் அந்த நாட்டு டிவியையும் பள்ளியையும் கட்சிகளையும் பற்றி நிறைய இருந்தது. வீட்டில் விளக்கேற்றுகிறீர்களா, மகள் ஆச்சியோடு தமிழில் பேசுகிறாளா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்காருகிறீர்களா என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலையாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம், உங்கள் பெரிய பயம் அதுதானே. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் முதல் ஆரம்பப் பள்ளிகளில் உறவுகள் பற்றிய கல்வி கட்டாயம். மேல்நிலைப் பள்ளிகளில் அதோடு பாலியல் கல்வியும் சேரும். உறவுகள் பற்றிய பாடத்தில் இருந்து பிள்ளையை விலக்க முடியாது. ஆரம்பப் பள்ளியில் பாலியல் கல்வி என்று தனியாக நடத்தினால் அதில் இருந்து விலக்கலாம். நீங்கள் கேட்டால் தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். மேல்நிலைப் பள்ளியிலும் விலக்கக் கேட்கலாம், ஆனால் 16 வயது நெருங்கும்போது முடிவு பிள்ளை கைக்குப் போய்விடும். அறிவியல் பாடத்தில் வருவதை விலக்க முடியாது. முக்கியமானது, இந்தப் பாடத்துக்கான கொள்கையைப் பள்ளி பெற்றோரிடம் கலந்து பேசித்தான் வகுக்க வேண்டும், அதை வெளியிடவும் வேண்டும். வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோவை நம்பி நடுங்காமல், நேரே போய்ப் பாடப் பொருளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். யார் தொட்டால் தப்பு, யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதற்குள் வரும். அதை நம்ம ஊர்ப் பள்ளிகளிலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். ஒவ்வாதது இருந்தால் மரியாதையாக எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்டு அரசுப் பள்ளிகளில் தினமும் கூட்டு வழிபாடு நடத்த வேண்டும், அது பொதுவாகக் கிறிஸ்தவத் தன்மையோடு இருக்க வேண்டும் என்று இன்னும் சட்டம் இருக்கிறது. பல பள்ளிகளில் அது பேருக்குத்தான். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 46.2 விழுக்காடு, பாதிக்கும் கீழே இறங்கியது அதுதான் முதல் தடவை. மதம் இல்லை என்றவர்கள் 37.2. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்தில் ஞாயிறு காலை நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவன் நான். நம்ம சீமைக்கு வேதம் கொண்டுவந்த நாட்டில் நூற்றாண்டு பழமையான தேவாலயம் குடியிருப்பாகவும் உடற்பயிற்சிக் கூடமாகவும் மாறி நிற்பதைப் பார்த்தால், நான் இந்துவாக இருந்தும் மனசு கனத்துப்போகிறது. நம்பிக்கை போன இடத்தில் தனிமை வந்திருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு மகன் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தும் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் முகம் காட்டுகிறார். இதை நான் நாகரிகம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதற்காக அவர்களை மட்டம் தட்டவும் மாட்டேன். நவம்பர் இரண்டாவது ஞாயிறு பதினோரு மணிக்கு உங்கள் ஊர் போர் நினைவுச் சின்னத்துக்குப் பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். இரண்டு நிமிஷம் ஒரு சத்தம் இருக்காது. சின்னச் சின்ன கிராமங்களில்கூட நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த பையன்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பாபநாசத்தில் ஆற்றில் இறங்கி மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிற நமக்கு அது புரியும்.

உள்ளூர் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை. மரபு என்ற பெயரில் நம்ம மாவட்டத்தில் நடக்கிறது எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தடுக்கப்போன தங்கையையும் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னது. நெற்றித் திலகத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது எனக்கு ஏற்பில்லை. கயிறு விஷயத்தில் முழு உடன்பாடு. அந்தக் கயிற்றை என் தாத்தா கட்டியதில்லை, அவருடைய தாத்தாவும் கட்டியதில்லை. அண்மைக் காலத்தில் முளைத்த வீம்பு அது. வெளிநாட்டில் நம்மவர்கள் கூடும் இடத்திலும் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று துருவிச் சாதியைத் தோண்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் வாயில் வரும் பண்பாட்டை உங்கள் பிள்ளைகள் காதில் விழ விடாதீர்கள். அங்கே வளர்கிற பிள்ளை அந்த அழுக்கை ஒரு தடவை பார்த்துவிட்டால், அதோடு சேர்த்துக் குலசாமியையும் தமிழையும் வேண்டாம் என்று தள்ளிவிடும். அப்படித் தள்ளிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

திரும்பிப் போகலாமா என்று கேட்டீர்கள். அப்பா அம்மாவைப் பார்க்க ஆள் இல்லை என்பதற்காக என்றால் யோசிக்கவே வேண்டாம், திரும்புங்கள். சம்பளம் குறைந்தால் குறையட்டும். அந்த நாட்டுக்குப் பயந்து என்றால் வேண்டாம்; நீங்கள் பயப்படுகிற அத்தனையும் வீரவநல்லூரில் ஒவ்வொரு பையன் கையிலும் இருக்கிற போனில் இருக்கிறது. பெற்றவர்கள் தெம்பாக இருந்தால் இப்போதைக்கு ஆறு மாத விசிட் விசாவில் ஒரு கோடையில் அழைத்துவந்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வர முடியாத வருஷம் வீட்டிலேயே பொங்கலிட்டு, எந்தச் சாஸ்தா, எந்த ஆற்றங்கரை, அங்கே யார் யார் வருவார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆச்சியோடு பேசும்போது மகளைத் தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் நடுவில் இருந்து எடுத்துக் கொடுக்காமல்.

செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அந்தக் கொள்கைத் தாளைக் கேட்டு வாங்கி, நீங்களும் வீட்டம்மாவும் சேர்ந்து வாசியுங்கள். எந்தப் பகுதி உறுத்துகிறது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். நான் அதற்குள் பர்மிங்ஹாம் திரும்பியிருப்பேன். தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தால் சேர்ந்தே எழுதுவோம்.