லினக்ஸ்ல மவுஸ் சக்கரம் மக்கர் பண்ணுதா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, உபுண்டுல கீழே உருட்டினா பக்கம் நடுநடுவே மேலே குதிக்குது. டிரைவர் மாத்தணுமா?

பதில்: டிரைவரைத் தொடாதீங்க தம்பி. மவுஸ் அனுப்புற சிக்னலைக் காட்டுற ‘ஈவிடெஸ்ட்’ (evtest) கருவியை நிறுவி, டெர்மினல்ல சூடோவோட (நிர்வாகி அனுமதியோட) ஓட்டி, பட்டியல்ல உங்க மவுஸைத் தேர்ந்தெடுங்க. சக்கரத்தை மெதுவா கீழ்ப்பக்கம் மட்டும் உருட்டுங்க. சக்கர அசைவைச் சொல்ற ரெல்-வீல் (REL_WHEEL) வரியில மைனஸ் 1 மட்டுமே வரணும். இடையில பிளஸ் 1 எட்டிப் பார்த்தா கோளாறு மவுஸுக்குள்ளதான். அச்சுல இருக்கிற என்கோடர்ல (சக்கரம் சுத்துறதை அளக்கிற பாகம்) தூசி அடைஞ்சிருக்கும், இல்லைன்னா தேய்ஞ்சிருக்கும். முதல்ல இடுக்குல காத்து ஊதுங்க. அடங்கலைன்னா பேட்டரியைக் கழட்டி, பிரிச்சு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விடுங்க. என்னுது அந்த ஒரு சொட்டுல எட்டு மாசம் ஓடுச்சு. அப்புறம் புது என்கோடர் வாங்கினேன், உயரத்தை அளக்காம. மூடி உட்காரவே இல்ல. நீங்க மில்லிமீட்டர் கணக்கா அளந்து வாங்குங்க.

கேள்வி: கீழே உருட்டினா எப்பவுமே மேலே போகுது சார்.

பதில்: செட்டிங்ஸ்ல ‘நேச்சுரல் ஸ்க்ரோலிங்’ ஆன் ஆயிருக்கும். அணைச்சிடுங்க.

கேள்வி: வேற விண்டோவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா முதல் உருட்டல் மட்டும் வேலை செய்யல. ஈவிடெஸ்ட்ல எல்லாம் ஒழுங்கா வருது.

பதில்: அப்போ மவுஸ் மேல பழி இல்ல. எக்ஸ்11-ல (திரையையும் மவுஸையும் கையாளுற பழைய முறை) மென்மையா ஸ்க்ரோல் பண்ற செயலிக்கு ‘இவ்வளவு நகர்ந்தது’ன்னு சேதி வராது, கரண்ட் மீட்டர் மாதிரி மொத்தக் கணக்குதான் வரும். போன ரீடிங் கையில இருந்தாத்தானே கழிச்சுப் பார்க்க முடியும்? கர்சர் வெளியே போனப்போ சக்கரம் எவ்வளவு ஓடுச்சுன்னு செயலிக்குத் தெரியாது. அதனால முதல் ரீடிங்கைக் குறிச்சு வைக்கிறதோட நிறுத்திக்கும். அதுக்குப் பதிலா வந்த புது முறையான வேலாண்ட்ல நகர்ந்த அளவே நேரா வந்துடும். லாகின் திரையில செஷனை வேலாண்டுக்கு மாத்திப் பாருங்க.

கேள்வி: வேகம் பத்தல. சக்கர வேகத்தைக் கூட்டுற ஐஎம்வீல் (imwheel) போடலாமா?

பதில்: எக்ஸ்11-ன்னா போடலாம், வேலாண்ட்ல பிரயோஜனம் இல்ல. போட்டதும் பக்கவாட்டு ‘பேக்’ பட்டன் செத்துப்போச்சுன்னு வந்து நிப்பீங்க. ‘மைனஸ் பி 45’ (-b 45) சேர்த்து ஓட்டுங்க. கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்ல வேலாண்ட் செஷன்னா இந்த வேலையே வேண்டாம், மவுஸ் செட்டிங்ஸ்லயே ஸ்க்ரோல் வேகம் இருக்கு. ஃபயர்ஃபாக்ஸ்ல மட்டும் மெதுவா இருந்தா, முகவரிப் பட்டியில about:config அடிச்சு, ‘டெல்டா மல்டிப்ளையர் ஒய்’னு (delta_multiplier_y) தேடி, ‘மவுஸ்வீல் டிஃபால்ட்’னு (mousewheel.default) தொடங்கற வரியில 100-ஐ 200 ஆக்குங்க.

கேள்வி: உருட்டும்போது விரல் அழுந்தி, எப்பவோ செலக்ட் பண்ணினது கட்டுரை நடுவுல ஒட்டிக்குது!

பதில்: சக்கரத்தை அழுத்தினா செலக்ட் பண்ணினதை ஒட்டுற ‘நடு பட்டன் பேஸ்ட்’ அது. குநோம் ட்வீக்ஸ்ங்கிற செட்டிங்ஸ் செயலியில அணைக்கலாம். நான் அணைக்கல, டெர்மினல்ல அது இல்லாம எனக்குக் கை ஓடாது.