காளானை விற்றது யார் என்று கேளுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் வேளாண்மை படித்தால் வேலை கிடைக்குமா என்ற கவலைக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். நான்காண்டு பி.எஸ்சி. வேளாண்மை முடித்தவர்கள் வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை எழுதலாம். விதை, உரம், சொட்டுநீர்ப் பாசன நிறுவனங்களும் அவர்களை வேலைக்கு எடுக்கின்றன. "ஓசூர் நிலத்தை விட்டு பெங்களூரு அல்சூருக்கு வந்தது, பிள்ளை மறுபடியும் சேற்றில் இறங்கவா?" என்று உங்கள் கணவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர் பட்ட கஷ்டம் பெரும்பாலும் பயிரில் வந்ததா, விற்பனையில் வந்ததா என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

படிக்கும்போதே தொழில் தொடங்கப்போகிறாளே என்ற பயத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2015-இல் 'ஸ்டூடண்ட் ரெடி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஒரு பகுதியாக, இறுதியாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து கல்லூரிப் பண்ணையிலேயே ஒரு சிறு தொழிலை நடத்துகிறார்கள். காளான், தேனீ, நாற்றங்கால், மண்புழு உரம் என்று கல்லூரிக்குக் கல்லூரி அது மாறும்.

சிப்பிக் காளானையே எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்துக்கு உலர்த்த வேண்டும். பிறகு பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, காளான் வித்து ஓர் அடுக்கு என்று அடைத்துத் தொங்கவிடுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பை முழுவதும் வெள்ளையாகப் படர்ந்துவிடும். வைக்கோல் சரியாக வேகாவிட்டால் பச்சைப் பூசணம் பிடித்து அத்தனையும் குப்பைக்குப் போகும். நன்றாக விளைந்தாலும் நிம்மதி இல்லை. பறித்த காளான் வெளியில் அதிக நேரம் தாங்காது. பறிப்பதற்கு முன்பே வாங்க ஆள் பிடித்தாக வேண்டும். தேர்வு வாரத்தில் அறுவடை வந்தால் யார் பறிப்பது? வாங்கிய ஹோட்டல்காரர் "அடுத்த வாரம் தருகிறேன்" என்றால் யார் போய்க் கேட்பது? உங்கள் வீட்டுப் பணம் போகாமல் இந்தத் தொல்லைகளையெல்லாம் அவள் பட்டுத் தெரிந்துகொள்ளலாம். கல்லூரிப் பண்ணையால் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்பேன்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பசுமைக்குடிலைக் காட்டினார்கள் என்று மயங்கிவிடாதீர்கள். சில இடங்களில் அது விளம்பரப் புகைப்படத்துக்கு மட்டுமே பயன்படுகிறது. போன பருவத்தில் மாணவர்கள் எதை விற்றார்கள், யாருக்கு விற்றார்கள், கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நோட்டு மாணவர் கையெழுத்தில் இருந்தால் நம்பலாம்.

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக இடங்களுக்குக் கர்நாடக மாநில நுழைவுத் தேர்வான சிஇடி வழியாகச் சேரலாம். வேளாண் பல்கலைக்கழகங்களில் 20 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில், நாடு முழுவதற்குமான பொது நுழைவுத் தேர்வான க்யூட் வழியாக நிரப்பப்படுகின்றன. இரண்டையும் எழுதட்டும். விவசாயக் குடும்பப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் அதற்கான செய்முறைத் தேர்வும் உண்டு. உங்கள் நிலம் தமிழ்நாட்டில் இருப்பதால், சான்றிதழ் விதிகளை வரி விடாமல் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பட்டம் வாங்கும் வரை தொழில் முதலுக்காக நகையை அடகு வைக்கும் பேச்சே வேண்டாம். அதன் பிறகும் தொழில் ஆசை இருந்தால், வேளாண் பட்டதாரிகள் விவசாயிகளுக்கு ஆலோசனையும் சேவையும் தரும் மையம் தொடங்க உதவும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று, 2002 முதல் நடந்துவரும் வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம், இருக்கிறது. பயிற்சி இலவசம், வங்கிக் கடனோடு பெண்களுக்கு 44 சதவீத மானியம். கடன் என்றால் கடன்தான், மானியத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் ஆண்டுதோறும் கிருஷி மேளா என்ற வேளாண் கண்காட்சி நடக்கிறது, பெரும்பாலும் நவம்பரில். மகளோடு உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள். நாற்று என்ன விலை, வித்து எங்கே வாங்கினீர்கள் என்று அவர் துருவிக் கேட்பதை அவள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.