பெட்டியில போட்டிருக்கிற மணி நேரத்தை நம்பலாமா?

லேப்டாப் பத்தி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் நம்ம பதில்களும்

கேள்வி: பொண்ணு மதுரையில பி.காம் சி.ஏ. சேர்ந்திருக்கா. திருமங்கலத்துல இருந்து தினமும் பஸ்ல போயிட்டு வரணும், காலையில ஏழரைக்குக் கிளம்பினா வீடு திரும்ப சாயங்காலம் ஆறு ஆயிடும். கிளாஸ்ல ப்ளக் பாயிண்ட் ரெண்டே ரெண்டுதானாம், அதுவும் கடைசி பெஞ்ச் பசங்க பிடிச்சுக்கிறாங்களாம். கடையில 15.6 இன்ச்ல ஒண்ணு காட்டி பத்து மணி நேரம் சார்ஜ் நிக்கும்னு சொல்றாங்க. வாங்கலாமா?
(திருமங்கலம் வாசகி)

பதில்: அம்மா, முதல்ல உங்களுக்கு ஒரு நன்றி. "நல்ல லேப்டாப் எது சார்"னு ஒத்தை வரியில கேக்குறவங்கதான் ஜாஸ்தி, நீங்க பஸ், ப்ளக், நேரம் எல்லாம் சொல்லிட்டீங்க, பாதி பதில் அதுலயே இருக்கு.

அந்த பத்து மணி நேரம் சுத்தப் பொய்னு சொல்ல மாட்டேன். பெரும்பாலும் வெளிச்சத்தை நல்லா குறைச்சு வச்சு, மெஷின்லயே இருக்கிற ஒரு வீடியோவை திரும்பத் திரும்ப ஓட விட்டு எடுக்கிற கணக்கு அது. நம்ம கிளாஸ் ரூம்ல ஜன்னல் பக்கம் உக்காந்தா அந்த வெளிச்சத்துல எழுத்தே தெரியாது, கூட்டித்தான் வைக்கணும், கூடவே வைஃபை, பிரவுசர்ல இருபது டேப், பின்னாடி வாட்ஸ்அப் வேற. நானே ஒரு தடவை "10 மணி நேரம்"னு ஸ்டிக்கர் ஒட்டின ஒண்ணை நம்பி வாங்கி, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடியே சிவப்பு கோடு பார்த்தவன்.

அதனால கடையில மணி கேக்காதீங்க, "பேட்டரி எத்தனை வாட் ஹவர்"னு கேளுங்க. பேட்டரிக்குள்ள எவ்வளவு மின்சாரம் அடங்கும்ங்கிற அளவு அது. கடைக்காரருக்குத் தெரியலைன்னா கம்பெனி சைட்ல அந்த மாடல் நம்பரைப் போட்டா வந்துடும். அந்த நம்பரை எட்டால வகுங்க. சாதாரண படிப்பு வேலைக்கு ஒரு விண்டோஸ் லேப்டாப் சராசரியா எட்டு வாட் கிட்ட இழுக்கும்னு வச்சுக்கிறது என்னோட கணக்கு, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். 41 வாட் ஹவர்னா அஞ்சு மணி நேரம், 57னா ஏழு, 70னா ஒன்பதை நெருங்கும். விலை கம்மியான 15.6 இன்ச் மாடல்கள் நிறையத்துல பேட்டரி நாப்பது சொச்சம்தான் இருக்கும், உடம்பு பெருசா இருக்கேன்னு வயிறும் பெருசுன்னு நினைச்சுடாதீங்க.

பொண்ணுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் நாலு மணி நேரம் திறந்து வச்சிருக்கிற வேலை இருக்கும். அப்ப அஞ்சு மணி நேரம் போதுமேன்னு தோணும். போதாது. ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி அஞ்சுல ஒரு பங்கு தேஞ்சு போறது சகஜம், கோர்ஸ் முடியறதுக்குள்ள அது நாலாயிடும். அதனால 50 வாட் ஹவருக்குக் குறையாம, 14 இன்ச்ல பாருங்க. எடை 1.4 கிலோ பக்கம் வரும், 15.6 இன்ச்னா 1.6, 1.7 ஆகும். முன்னூறு கிராம்தானேன்னு கடையில நிக்கிறப்போ தோணும், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், ரெக்கார்ட் நோட்டோட பஸ்ல நின்னுக்கிட்டே போற புள்ளையோட தோளைக் கேளுங்க.

ஒரே ஒரு நஷ்டம், 14 இன்ச்ல பெரும்பாலும் வலது பக்கம் நம்பர் கட்டைகள் இருக்காது. பி.காம்னா டேலிங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போடணும், அதுக்கு அது இல்லாம கை நோகும். தனியா யூஎஸ்பி நம்பர் பேட் சின்னதா விக்குது, வாங்கி வீட்ல வச்சுக்கட்டும்.

இன்னும் மூணு விஷயம் கேளுங்க. டைப் சி வழியா சார்ஜ் ஆகுமா (ஓட்டை இருந்தாலே ஆகும்னு இல்ல, சிலதுல அது டேட்டாவுக்கு மட்டும்). ஸ்கிரீன் வெளிச்சம் 300 நிட்ஸாவது (வெளிச்சத்தை அளக்கிற கணக்கு) இருக்கா. ரேம் 16 ஜிபியா, ஏன்னா மெலிசான மாடல்கள்ல ரேமை போர்டோட சேத்தே சால்டர் பண்ணிடறாங்க, பின்னாடி கூட்டிக்கலாம்ங்கிற பேச்சே இல்ல. ப்ராசஸர் பேரோட கடைசியில யூன்னு இருந்தா சிக்கனமான ஜாதி, எச் இருந்தா வேகத்துக்கு செஞ்சது. எச்னாலே மோசம்னு இல்ல, ஆனா பேட்டரிதான் முக்கியம்னு வர்ற உங்களுக்கு யூ போதும்.

கேள்வி: அண்ணா, திருச்சியில மெக்கானிக்கல் ஃபர்ஸ்ட் இயர், ஹாஸ்டல். சாலிட்வொர்க்ஸ் (மெஷின் டிசைன் பண்ற சாஃப்ட்வேர்) ஓடணும், கொஞ்சம் கேமும் ஆடணும். கேமிங் லேப்டாப் வாங்கினா பேட்டரி நிக்காதுன்னு சீனியர்ஸ் பயமுறுத்துறாங்க. நிஜமா?
(ஒரு மாணவர், திருச்சி)

பதில்: நிஜம்தான் தம்பி. "கொஞ்சம் கேமும்"ங்கிறதுல எது கொஞ்சம்னு உங்க செமஸ்டர் மார்க் சொல்லும், அது இருக்கட்டும்.

தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிற மெஷின் சும்மா நோட்ஸ் பாக்குறப்பவே மத்ததைவிட ஜாஸ்தி இழுக்கும். 80 வாட் ஹவர் பேட்டரி போட்டிருந்தாலும் நாலு அஞ்சு மணி நேரம் வந்தா பெருசு, கேம் ஆடினா ஒரு மணி நேரம் சொச்சத்துல காலி. ப்ளக்கை உருவிட்டா கார்டு வேகத்தையும் அதுவே குறைச்சுக்கும், ஏன்னா பேட்டரியால அவ்வளவு கரன்ட் ஒரே நேரத்துல தர முடியாது. மெஷின் 2.3 கிலோ, கூட ஒரு செங்கல் மாதிரி சார்ஜர் அரை கிலோவுக்கு மேல. அப்ப பேட்டரியைப் பெருசா வச்சுட்டா என்னன்னு கேப்பீங்க. பிளேன்ல சிறப்பு அனுமதி இல்லாம கொண்டு போற பேட்டரிக்கு 100 வாட் ஹவர்தான் எல்லை, அதனாலதான் பெரிய பெரிய கேமிங் மாடல்கள் எல்லாம் 99லயே நிக்குது.

ஆனா நீங்க ஹாஸ்டல். மெஷின் மேஜையிலயே இருக்கும், ப்ளக் பக்கத்துல இருக்கும். அப்ப வாங்கலாம், தப்பில்ல. கிளாஸுக்கு தினமும் தூக்கிட்டுப் போறதா இருந்தா வேண்டாம், ஃபர்ஸ்ட் இயர்ல சி புரோகிராமும் டிராயிங்கும்தான் ஜாஸ்தி, அதுக்கு சாதாரண லேப்டாப்பே தாங்கும், பெரிய மாடலிங்குக்கு காலேஜ் லேப் இருக்கு. வாங்கிட்டா ரெண்டு வேலை பண்ணுங்க. கிளாஸுக்குக் கொண்டு போற அன்னிக்கு ஸ்கிரீனை 144 ஹெர்ட்ஸ்ல இருந்து 60க்கு இறக்குங்க (செகண்டுக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்குதுங்கிற கணக்கு அது), கிராபிக்ஸ் கார்டை நிறுத்தி வைக்கிற ஆப்ஷன் அந்த மாடல்ல இருந்தா நிறுத்துங்க. இதுலயே ஒரு மணி நேரம் கூட கிடைக்கலாம்.

கேள்வி: பையன் பிளஸ் ஒன். புதுசு வாங்க வசதி இல்ல, ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் பாக்கலாம்னு இருக்கேன். பேட்டரி நல்லா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?
(ஒரு தந்தை, வியாசர்பாடி)

பதில்: பையனைக் கூட்டிட்டே போங்க, இந்த வேலையை அவன் ரெண்டு நிமிஷத்துல செஞ்சிடுவான். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சா ஒரு ஃபைல் வரும். அதுல டிசைன் கெபாசிட்டின்னு ஒண்ணு, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ஒண்ணு. முதல் நம்பர் பிறந்தப்போ இருந்த பலம், ரெண்டாவது இப்ப மிச்சம் இருக்கிறது. 80 சதவீதத்துக்கு மேலன்னா சந்தோஷமா வாங்குங்க, 60க்குக் கீழன்னா புது பேட்டரி காசை விலையில கழிக்கச் சொல்லுங்க. இதைத் திறந்து காட்ட மாட்டேன்னு சொல்ற கடையில நிக்கவே நிக்காதீங்க.

டச் பேட் லேசா மேல தூக்கிட்டு இருந்தாலோ, மெஷினை மேஜையில வச்சா ஆடினாலோ உள்ள பேட்டரி ஊதியிருக்குனு சந்தேகப்படுங்க. எவ்வளவு மலிவா கொடுத்தாலும் அதைத் தொடாதீங்க. 2011ல அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்ச காலத்துல பேட்டரியை டக்குன்னு கழட்டி மாட்டலாம், இப்ப எல்லாம் உள்ள ஸ்க்ரூ போட்டு வச்சுடறாங்க, மாத்தறதுக்கும் மெக்கானிக் வேணும்.

இன்னொண்ணு, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டு இருந்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷனுக்கு முந்தினதுக்கு விண்டோஸ் 11 முறையா ஏறாது. ஆறு, ஏழு ஜெனரேஷனை "செம கண்டிஷன் சார்"னு நீட்டுவாங்க, எட்டோ அதுக்கு மேலயோதான் கேளுங்க.

கேள்வி: எல்லாரும் மேக்புக் ஏர்னு சொல்றாங்க, பேட்டரி அவ்வளவு நிக்குதா? புதுசா ஸ்னாப்டிராகன் லேப்டாப்னும் வருதே?
(ஒரு மாணவி, கோவை)

பதில்: நிக்குது, ஒத்துக்கத்தான் வேணும். 2020 நவம்பர்ல ஆப்பிளோட சொந்த எம்1 சிப்போட வந்த ஏர்ல பேட்டரி வெறும் 49.9 வாட் ஹவர், எடை 1.29 கிலோ, ஃபேனே கிடையாது. நெட் பாக்குறதுக்கு 15 மணி நேரம்னு ஆப்பிள் சொன்னாங்க, அதாவது சராசரியா மூணரை வாட்கூட இழுக்கல. மேல நான் எட்டால வகுக்கச் சொன்னது இதுக்குப் பொருந்தாது. பேட்டரி பெருசு இல்ல, சிப் கொஞ்சமா சாப்பிடுது, அவ்வளவுதான்.

ஆனா உங்க கோர்ஸ்ல என்ன சாஃப்ட்வேர்னு நீங்க எழுதல. டேலி, சாலிட்வொர்க்ஸ் மாதிரி விண்டோஸ்ல மட்டும் ஓடுறது இருந்தா மேக் வாங்கி அழ வேண்டாம். ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்கள் 2024 ஜூன்ல விண்டோஸோட வந்துச்சு, பேட்டரி பிரமாதம், ஆனா அந்த சிப்போட ஜாதியே வேற, பழைய பிரிண்டர் டிரைவர், லேப் கருவிகளோட டிரைவர், சில கேம் எல்லாம் மக்கர் பண்ணும். சீனியர் ஒருத்தர்கிட்ட சாஃப்ட்வேர் லிஸ்ட் வாங்கிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. ரெண்டும் வேணும்னா அதே வருஷம் செப்டம்பர்ல வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசை இருக்கு, வழக்கமான விண்டோஸ்தான், பேட்டரியும் நல்லா நிக்கும், பர்ஸ் கொஞ்சம் கனமா இருக்கணும்.

கேள்வி: ராத்திரி மூடி வச்சு பைக்குள்ள போட்டா காலையில 30 சதவீதம் காணோம், மெஷின் வேற சுடுது. பேட்டரி போயிடுச்சா?
(ஒரு மாணவர், நாகர்கோவில்)

பதில்: பேட்டரி மேல தப்பு இல்ல. இப்ப வர்ற விண்டோஸ் லேப்டாப் மூடினா முழுசா தூங்குறதில்ல, போன் மாதிரி அரைக்கண்ணைத் திறந்து மெயில் பாத்துக்கிட்டே இருக்கும், சில சமயம் பைக்குள்ளயே முழிச்சுக்கும். கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடினா ஹைபர்னேட் (வேலையை அப்படியே சேமிச்சுட்டு முழுசா அணைஞ்சுடறது) ஆகணும்னு மாத்திடுங்க. திறக்குறப்போ ஒரு பத்து இருபது செகண்ட் கூட ஆகும், பரவாயில்ல.

கேள்வி: எப்பவும் சார்ஜர்லயே போட்டு வச்சிருந்தா பேட்டரி கெட்டுடுமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: கொஞ்சம் கெடும், 100 சதவீதத்துலயே கட்டி வைக்கிறது லித்தியத்துக்குப் பிடிக்காது, சூடு அதைவிடப் பிடிக்காது. லெனோவோல கன்சர்வேஷன் மோட்னு ஒண்ணு, அசுஸ்ல 80 சதவீத லிமிட், மத்த பெரிய கம்பெனிகள்லயும் இதே மாதிரி இருக்கும். வீட்ல இருக்கிற நாள்ல போட்டு வைங்க, வெளிய போற அன்னிக்கு எடுத்துட்டு ஃபுல் பண்ணிக்கோங்க. மே மாசத்துல ஸ்கூட்டி டிக்கிக்குள்ள மட்டும் வச்சுட்டுப் போகாதீங்க.

கேள்வி: பவர் பேங்க்ல லேப்டாப் சார்ஜ் ஆகுமா?
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: டைப் சி சார்ஜிங் இருக்கிற லேப்டாப்பும், 65 வாட் பிடி (பவர் டெலிவரிங்கிற வேக சார்ஜிங் முறை) அவுட்புட் இருக்கிற பவர் பேங்க்கும்னா ஆகும். 20,000 எம்ஏஎச்னு போட்டிருந்தா அது 74 வாட் ஹவர், வழியில சூடாப் போறது போக லேப்டாப்புக்குள்ள ஐம்பது சொச்சம் சேரும், கிட்டத்தட்ட ஒரு தடவை ஃபுல். போனுக்கு வாங்கின பழைய 10 வாட் பவர் பேங்க்கை சொருகிட்டு "ஏறவே இல்ல"ன்னு மறுபடி கடிதம் போட்டுடாதீங்க.