கணினிக் கேள்வி பதில்: பாதியில் மறையும் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாணப் படங்களைச் சேமிக்க, லினக்ஸில் ஓடும் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியை வாங்கி, அதில் 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகியிருக்கிறேன். பத்து இருபது படங்கள் என்றால் ஒழுங்காகப் போகின்றன. ஒரு முழுக் கல்யாணத்தையும் நகலெடுத்தால் பாதியில் டிஸ்க் காணாமல் போகிறது. சில சமயம் வேறு பெயரில் திரும்பி வருகிறது. விண்டோஸ் லேப்டாப்பில் இதே டிஸ்க் எந்தத் தொல்லையும் தருவதில்லை. டிஸ்க் போய்விட்டதா, லினக்ஸ் சரியில்லையா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: வேறெங்கும் பிரதி இல்லாத படம் ஒன்றாவது அந்த டிஸ்க்கில் இருந்தால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்துங்கள். லேப்டாப்பில் செருகி, இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு வாருங்கள். அடுத்தவர் வீட்டுத் தாலிகட்டு உங்களிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சோதனை செய்யக் கூடாது.

எடுத்தாயிற்றா? இனி பார்ப்போம். நீங்கள் சந்தேகப்படும் இரண்டையும் நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன். டிஸ்க்குக்கும் கணினிக்கும் நடுவே மூன்று பேர் இருக்கிறார்கள்: மின்சாரம், கேபிள், பெட்டிக்குள் இருந்து டிஸ்க்கை யூஎஸ்பியோடு இணைக்கும் சிறிய பிரிட்ஜ் சிப்.

மூவரில் யார் என்று ஊகிக்க வேண்டாம், லினக்ஸே சொல்லும். டெர்மினலில், லினக்ஸின் உள் செய்திகளைக் காட்டும் ‘டிமெஸ்க்’ கட்டளையை ‘டபிள்யூ’ தெரிவோடு ஓடவிட்டு, பக்கத்திலேயே நகலெடுப்பதைத் தொடங்குங்கள். டிஸ்க் மறையும் நொடியில் என்ன வரி வருகிறது என்று பாருங்கள்.

‘அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்’ என்று வந்தால் மின்சாரம். இரண்டரை அங்குல டிஸ்க்கின் தட்டு சுழலத் தொடங்கும்போது ஏறக்குறைய 1 ஆம்பியர் கேட்கும். பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். அதுவும் அடாப்டர் நன்றாக இருந்தால். அதற்கான அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர். பழைய செல்போன் சார்ஜரைச் செருகியிருந்தால் உடனே கழற்றுங்கள். பலகைக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த எச்சரிக்கை வரும். சரியான அடாப்டருக்குப் பிறகும் மறைந்தால், தனி மின் இணைப்புள்ள யூஎஸ்பி ஹப் வாங்கி, டிஸ்க்கை அதில் செருகுங்கள்.

எச்சரிக்கை ஏதும் இல்லாமல் வெறும் ‘டிஸ்கனெக்ட்’ வந்தால் கேபிளைப் பாருங்கள். நான் ஒருமுறை டிஸ்க்தான் கெட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்கினேன். அதுவும் அதேபோல மறைந்தது. இரண்டுக்கும் நான் பயன்படுத்தியது ஒரே நீளக் கேபிள். விளக்குக்கு அடியில் பிடித்து, உறைமேல் அச்சிட்டிருந்த பொடி எழுத்தைப் படித்தேன்: மின்கம்பிக்கு 28 ஏ.டபிள்யூ.ஜி. இந்த அளவையில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். மெல்லிய கம்பி, ஒரு மீட்டருக்கு மேல் நீளம். டிஸ்க் அதிகம் இழுக்கும்போது வழியிலேயே வோல்ட் இறங்கிவிட்டது. 24 என்று அச்சிட்ட ஒரு சாண் கேபிளுக்கு மாறினேன். ‘கெட்டுப்போன’ அந்தப் பழைய டிஸ்க் இன்றும் என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, சிப். ‘யூஏஎஸ்’ என்ற சொல்லும் ‘அபார்ட்’ என்ற சொல்லும் ஒரே வரியில் வந்தால் அதுதான். யூஏஎஸ் என்பது பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் நிறுத்தி அனுப்பும் வேகமான முறை. எல்லாப் பிரிட்ஜ் சிப்களும் அதைச் சரியாகத் தாங்குவதில்லை. வேலை குறைவாக இருக்கும்போது சமாளித்து, சுமை ஏறியதும் உறைந்துபோகும். சிறிய நகல் போகிறது, பெரிய நகல் நிற்கிறது என்கிறீர்களே, அது இதோடும் பொருந்துகிறது. ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளை, டிஸ்க்கின் அடையாளத்தை நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று காட்டும். பையின் பூட் பகுதியில் ‘சிஎம்டிலைன்’ என்ற ஃபைல் உண்டு. அதன் வரி முடிவில் ஓர் இடைவெளி விட்டு, ‘யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ்’, சமக்குறி, அந்த அடையாளம், முக்காற்புள்ளி, சின்ன எழுத்தில் ‘யூ’ என இடைவெளியின்றிச் சேர்த்து, பையை மீண்டும் தொடங்குங்கள். அந்த ஃபைல் முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும், எண்டர் தட்டிவிடாதீர்கள். அந்த டிஸ்க்குக்கு யூஏஎஸ் அணைந்துவிடும், அதனால் வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டும், படம் முழுதாகப் போய்ச் சேருவதுதான் நமக்கு வேண்டும்.

‘மீடியம் எரர்’ என்று வந்தால் மட்டும் டிஸ்க்கே பழுது. அதற்குமேல் அதில் ஒரு படமும் எழுதாதீர்கள்.

கேள்வி: விண்டோஸில் பயன்படுத்திய டிஸ்க்கை உபுண்டு லினக்ஸில் செருகினால் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. ஏன்?

பதில்: விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கினால், ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக மூடுவதில்லை, பாதி உறக்கத்தில் நிற்கிறது. டிஸ்க்கில் ஃபைல்களை விண்டோஸ் அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்ஸின் கணக்கும் முடியாமல் கிடக்கிறது. அதில் எழுதினால் சேதமாகும் என்றுதான் லினக்ஸ் மறுக்கிறது. வற்புறுத்த வேண்டாம். மறுபடி விண்டோஸில் செருகி, முறையாக ‘எஜெக்ட்’ கொடுத்து எடுங்கள்; அந்த வசதியையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருக மறந்தால் லினக்ஸ் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் நிற்கிறது.

பதில்: எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் ஏற வேண்டும் என்று சொல்லும் ‘எஃப்எஸ்டேப்’ ஃபைலில், அந்த டிஸ்க்கின் வரியில் ‘நோஃபெயில்’ என்ற தெரிவைச் சேர்த்தால் நிற்காது. அங்கே ‘எஸ்டிஏ1’ போன்ற பெயர் இருந்தால் அதை எடுத்துவிட்டு, அதன் தனி அடையாளமான யூயூஐடி எண்ணை எழுதுங்கள். செருகும் வரிசை மாறினால் அந்தப் பெயர் மாறும், எண் மாறாது.

நோஃபெயில் சேர்த்தபின் ஒரு புது ஆபத்து உண்டு. டிஸ்க் இல்லாத நாளில், அது ஏறும் ஃபோல்டர் காலியாகக் காத்திருக்கும். இரவில் தானாக ஓடும் பேக்கப் அதை டிஸ்க் என்றே நம்பி, எல்லாவற்றையும் கணினியின் சொந்தச் சேமிப்பிலேயே கொட்டி நிரப்பிவிடும். அதனால் டிஸ்க்கைக் கழற்றியிருக்கும்போதே அந்தக் காலி ஃபோல்டருக்கு, ரூட் அனுமதியோடு, ‘சிஹெச்அட்டர்’ கட்டளையை ‘பிளஸ் ஐ’ தெரிவுடன் கொடுங்கள். அதன்பின் டிஸ்க் ஏறினால் மட்டுமே அங்கே எழுத முடியும். ஏறாவிட்டால் பேக்கப் பிழை காட்டி நிற்கும்.